சைக்கிள்மேல் போட்ட பழி

நானும் என் கூட்டாளியும் முதன்முதலில் வாங்கிய ரோடு சைக்கிள்கள் இரண்டுமே எங்களுக்கு ஒரு சைஸ் பெரியவை. விற்றவர்கள் ஏமாற்றவில்லை. அளவெடுத்தது நாங்கள்தான். ஷிப்ட் முடிந்து உடை மாற்றும் அறையில், ஒருவன் காலிடுக்கில் மற்றவன் ஒரு ஃபைல் அட்டையைச் செருகி, மூலைமட்டம் பிடித்து, ஸ்டீல் டேப்பால் தரையிலிருந்து கால் நீளத்தை அளந்தோம். அரை மில்லிமீட்டர் இடிக்கிறது என்று இரண்டாவது தடவை வேறு அளந்தோம். அளவெல்லாம் சுத்தம். காலில் சேஃப்டி ஷூ இருந்ததை மட்டும் இரண்டு பேருமே மறந்துவிட்டோம். வருடக்கணக்கில் தினமும் எட்டு மணி நேரம் அதில் நிற்கிறவனுக்கு அது தனிப்பொருளாகவே தோன்றாது. பாதமே அவ்வளவு தடிமன் என்று நினைத்துக்கொள்வான்.

அந்த ஷூவின் உயரத்தை நான் கண்டுபிடிக்க ஒன்றரை வருடம் ஆனது. கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஏன் கூச்சம் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் ஊத்தங்கரைப் பக்கத்துக்காரன். வயல்கூலிக்குப் போன குடும்பத்தில் தொழிற்சாலைக்குள் நுழைந்த முதல் ஆள். அவன் திருநெல்வேலிக்காரன். ஓசூரில் வார்ப்புப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஒரே நாளில் சேர்ந்தோம். அச்சிலிருந்து வரும் பாகங்களின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பிசிறைக் கிரைண்டரால் தேய்த்தெடுப்பது வேலை. கிரைண்டர் என்றால் கையில் பிடிக்கும் மெஷின். காற்றழுத்தத்தில் சுற்றும். பிடித்திருக்கும் நேரமெல்லாம் தோள்வரை அதிரும். ஆறு வருடம் கழித்து என்னை எடுத்து இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் போட்டார்கள். காரணம் திறமை இல்லை. எனக்கு ரிப்போர்ட் எழுத வரும். அவன் மெஷினிலேயே இருந்தான். வேலை இடம் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. என்னை அவன் மாப்ள என்பான், நானும் அப்படியே.

சைக்கிள் ஆசையை எங்களுக்கு ஊட்டியவர்கள் பெங்களூரிலிருந்து ஞாயிறு காலையில் வருகிற கூட்டம். ஜூஜுவாடி தாண்டி லாரிகளுக்கு நடுவே வரிசையாக வந்து, ஓசூரில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். அவர்களால் முடிகிறது, உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களால். நமக்கென்ன கேடு என்று தோன்றியது. அவர்களில் இருவர் பழையதை விற்கவும் வாங்கினோம். பிறகு மழைக்காலம் தவிர வாரம் தவறாமல் போனோம். தளிக்குப் போவோம், சூளகிரி ஏற்றம் ஏறுவோம். இருநூறு கிலோமீட்டரை ஒரே பகலில் முடிக்கிற ஆட்களாக ஆனோம். வாரத்தில் ஆறு நாள் மேஜையைப் பார்த்து நின்றுவிட்டு, ஏழாம் நாள் கண்ணுக்கெட்டிய தூரம் ரோடு கிடப்பதைப் பார்ப்பது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

ஆனால் அந்தச் சைக்கிள்கள் உடம்பைப் பிழிந்தன. ஆட்டுக்கிடாய்க் கொம்பு போல வளைந்த ஹேண்டில் எட்டாத தூரத்தில் இருந்தது. எட்டிப் பிடித்தால் உடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கும். ஐம்பது கிலோமீட்டரில் கழுத்து பிடிக்கும், எண்பதில் இடுப்பு. விரல்களுக்குக் கணக்கே கிடையாது. சில நாள் கிளம்பும்போதே மரத்திருக்கும். ஒரு மார்கழிக் காலையில் தளி ரோட்டில் அவன் கையுறையைக் கழற்றிக் காட்டினான். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நகத்திலிருந்து இரண்டாவது கணுவரை சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தன.

"குத்துனாக்கூட தெரியாது போல, மாப்ள" என்றான்.

நான் என் கையுறையைக் கழற்றவில்லை. எனக்கும் அதே இரண்டு விரல்தான்.

"குளுருக்கு அப்டித்தான் ஆவும். சைக்கிள் பெருசா வேற இருக்குது. பாரம்லாம் கையிலதான எறங்குது" என்றேன்.

அடுத்து வந்த ஆடி மாதத்தில் அவன் கம்பெனியின் முதலுதவி அறைக்குப் போய், விரல்கள் மரத்துப்போகின்றன, சட்டைப் பொத்தான் போட வரவில்லை என்று சொல்லியிருக்கிறான். அங்கிருந்த நர்ஸ் ஒரு சீட்டில் எழுதி எங்கள் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். சீட்டு வந்தால் அதற்குக் காரணம் கண்டுபிடித்து ஒரு படிவம் எழுதி மூட வேண்டும். எழுதுகிற ஆள் நான்.

அந்தப் படிவத்தை நாங்கள் ஒய்-ஒய் என்போம். ஒரு கோளாறு நடந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்; வருகிற பதிலையும் ஏன் என்று கேட்க வேண்டும்; அப்படி ஐந்து தடவை போனால் வேர் கிடைக்கும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை எழுதிப் பழகினவனுக்கு ஒரு கள்ளத்தனம் கைவந்துவிடும். எந்தக் கேள்வியில் நிறுத்தினால் யாருக்கும் தொந்தரவில்லாத பதில் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். மெஷின்தான் காரணம் என்றால் மெஷினை மாற்ற வேண்டும். ஆள்தான் காரணம் என்றால் ‘பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று ஒரு வரி போதும். அப்படி எத்தனையோ படிவங்களை மூடியிருக்கிறேன். நல்ல பெயரும் வாங்கியிருக்கிறேன்.

அவனுடைய படிவத்தையும் அப்படித்தான் மூடினேன். ஏன் மரத்துப்போகிறது? கையில் நீண்ட நேர அழுத்தம். ஏன் அழுத்தம்? விடுமுறை நாட்களில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறார். ஏன் சைக்கிளில் அழுத்தம்? சைக்கிள் அவருடைய உடம்புக்குப் பொருந்தவில்லை. வேலையோடு தொடர்பில்லாத காரணம். சைக்கிளை மாற்ற அறிவுறுத்தப்பட்டது. மூன்றாவது ஏன் தாண்டவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.

எழுதும்போது பொய் என்று தெரியுமா என்று கேட்டால், பாதி தெரியும். நான் கிரைண்டரை விட்டு மூன்று வருடம் ஆகியும் என் விரல்கள் தேறவில்லை. வாரக்கணக்கில் சைக்கிளைத் தொடாத மழைக்காலத்திலும் மரத்துத்தான் கிடந்தன. மிச்சப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்குத்தான் அவ்வளவு வேகமாக எழுதினேன். என் வேலையே விரல் நுனியால் தடவிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத பிசிறைச் சொல்வது. கிரைண்டர் கையைக் கெடுக்கிறது என்று எழுதினால், வேறு யாருக்கெல்லாம் கெட்டிருக்கிறது என்ற கேள்வி வரும். என் கையையும் நீட்டச் சொல்வார்கள். பயமாக இருந்தது, எழுதிவிட்டேன்.

அதன் பிறகு நான் சைக்கிள் பைத்தியமானேன். வீட்டில் இருப்பவள் தலையில் அடித்துக்கொள்ளும் அளவுக்கு. ஷூவின் கதையைக் கண்டுபிடித்ததும் அந்த நாட்களில்தான். அவனைக் கூப்பிட்டு, வெறுங்காலோடு சுவரில் நிற்கவைத்து அளந்து காட்டினேன். "பாரு, இதான் விஷயம். சைக்கிளே தப்பு" என்றேன். அவனும் அப்படியே நம்பினான். நான் சொன்னபடியெல்லாம் செய்தான். ஹேண்டிலுக்குத் தடிமனாக டேப் சுற்றினான். ஜெல் வைத்த கையுறை வாங்கினான். ஹேண்டிலைக் கிட்டே கொண்டுவர, அதைத் தாங்கும் முன்பக்கத்துத் துண்டை மாற்றினான். அகல டயர் போட்டுக் காற்றைக் குறைத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தான். கழுத்துவலி போயிற்று, இடுப்புவலி குறைந்தது. விரல் அப்படியே இருந்தது. அந்த மாதங்களில் அவன் கிரைண்டரில் ஓவர்டைமும் பார்த்துக்கொண்டிருந்தான்.

தை பிறந்ததும் நான் புதுச் சைக்கிள் எடுக்கக் கிளம்பினேன். அதற்குள் எனக்கு எல்லாப் பாடமும் மனப்பாடம். வேகத்துக்கென்று செய்யப்பட்டது உடம்பை மடக்கும், தூரத்துக்கென்று செய்யப்பட்டது நிமிர்த்தும். முன்பக்கம் உயரமாக, சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் இடைவெளி குறைவாக, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே தூரம் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். அகல டயருக்கு இடம் வேண்டும். ஏற்றத்தில் முட்டியை வாட்டாத கியர் வேண்டும். வாசித்தது, கேட்டது எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி, கர்நாடக எல்லைக்குள் அத்திப்பள்ளி தாண்டி ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். தனியாகத்தான் போனேன். அவனுக்கு அன்று ஓவர்டைம்.

கடையில் உடம்புக்குப் பொருத்தம் பார்க்கிறவர் கன்னடக்காரர். எல்லைக்கே உரிய தமிழ் பேசினார். காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "இது அப்பறம் சார். மொதல்ல ஷூ கழட்டுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ஸ்டாண்டில் சைக்கிளை மாட்டி என்னை ஏற்றி, அரைமணி நேரம் மிதிக்கவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். முழங்கை மடங்குகிறதா, தோள் காதுவரை ஏறுகிறதா என்று கவனித்தார். சீட்டை ஒரு விரற்கடை இறக்கினார். அப்படியொரு சுகத்தை நான் சைக்கிள்மேல் அனுபவித்ததே இல்லை. பேசிக்கொண்டே மிதிக்க முடிந்தது, ஹேண்டிலின் மேல் கை சும்மா கிடந்தது.

"வேற ஏனாச்சும் தொந்தரவு இருக்கா?" என்றார்.

"வெரல் மரத்துப்போவுதுங்க."

"யாவ பெரளு? எந்த வெரல், காட்டுங்க."

காட்டினேன். அவர் என் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பிடித்து அழுத்திப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் மாறியது.

"சைக்கிள்ல பாரம் ஜாஸ்தியானா சாதாரணமா சுண்டுவெரலு, மோதிர வெரலு, அந்தப் பக்கம்தான் போகும் சார். உங்களுக்கு இந்தப் பக்கம் போயிருக்கு. நீங்க என்ன கெலசம், என்ன வேல பண்றீங்க?"

கடையில் வேறு யாரும் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

"ஆபீஸ் வேலைங்க. கம்ப்யூட்டர்" என்றேன்.

அவர் தலையாட்டினார். "எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. சைக்கிள்னால இருக்காதுன்னு எனக்குத் தோணுது" என்றார். நான் அந்தச் சைக்கிளையே எடுத்துக்கொண்டு, எல்லையைத் தாண்டி அதை மிதித்தபடியே வீடு வந்தேன். வழியெல்லாம் முதுகு நிமிர்ந்திருந்தது. மனசுக்கு மட்டும் சகிக்கவில்லை.

உடனே போய் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் காலையில் அவன் மெஷினை எடுக்கும் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மாதம் சொல்லவில்லை. இப்போதும் அதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை. தினமும் அவன் தேய்த்து அனுப்பும் பாகங்கள் என் மேஜைக்கு வரும். அவன் தூரத்தில் குனிந்து நிற்பது தெரியும். இன்றைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன். சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சைக்கிளைப் பற்றிப் பேசுவோம்.

மாசியில் ஒரு ஞாயிறு, சிங்காரப்பேட்டை வரை போய்த் திரும்புவது என்று கிளம்பினோம். போக வர இருநூறைத் தாண்டும். விடிவதற்குள் சூளகிரி, வெயில் ஏறுவதற்குள் கிருஷ்ணகிரி, அங்கிருந்து மாந்தோப்புகளுக்கு நடுவே ஊத்தங்கரை. புதுச் சைக்கிள் தண்ணீரில் போவது போலப் போனது. கழுத்து வலிக்கவில்லை, இடுப்பு வலிக்கவில்லை, உட்காரும் இடம் எரியவில்லை. எனக்கு எங்கே எப்போது என்ன வலிக்கும் என்று தெரியும். எதுவும் வலிக்கவில்லை. அத்தனை பழைய வலிகளும் ஒழிந்த பிறகு இரண்டு விரல்கள் மட்டும் மிச்சம் இருந்தன.

சிங்காரப்பேட்டையில் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது, "கொஞ்ச தூரம் ஒன் வண்டியத் தா மாப்ள, பாக்குதேன்" என்றான். இருவருக்கும் ஒரே உயரம். மாற்றிக்கொண்டோம். ஊத்தங்கரை வரும்வரை அவன் முன்னால் போனான். தோள் தளர்ந்து, ஒரு கையை விட்டுவிட்டு, திரும்பித் திரும்பிச் சிரித்துக்கொண்டே போனான். ஊத்தங்கரை தாண்டி ஒரு பஸ் நிழற்குடையில் நிறுத்தினோம்.

"அருமையா இருக்கு. மெத்தையில உக்காந்தாப்ல இருக்கு. வாற ஞாயித்துக்கெழம என்னைய அந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போ. இதையே எடுத்துருதேன்" என்றான். பிறகு வலது கையை உதறினான். "வெரலு இப்பவும் அப்படித்தான் இருக்கு. ரெண்டு மாசம் இதுல ஓட்டுனா சரியாயிரும்லா?"

அந்த நேரத்தில் எனக்கு முதலில் தோன்றியது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைக்கு இவன் போகக் கூடாது என்று தோன்றியது. அங்கே அந்த மனிதர் எந்த விரல் என்று கேட்பார், என்ன வேலை என்று கேட்பார். இவன் உள்ளதைச் சொல்லிவிடுவான். வேறு கடை நல்ல கடை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த பிறகு என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"சரியாவாது" என்றேன்.

"என்ன?"

"சைக்கிளால இல்ல அது. கிரைண்டரால. கடையில அந்த ஆளு வெரலப் பாத்ததுமே சொல்ட்டாரு. சைக்கிள்னா சுண்டுவெரல் பக்கம்தான் போவுமாம். நம்முது வேற."

"நம்முதுன்னா?"

கையுறையைக் கழற்றி என் கையைக் காட்டினேன். அவன் தொட்டுப் பார்க்கவில்லை. பார்த்தான், அவ்வளவுதான்.

"எப்ப இருந்து?"

"ஒனக்கு முன்னாடியே."

ஒரு டவுன் பஸ் வந்து நின்று, யாரும் ஏறாமல் போனது.

"ஆடியில நான் போய்ச் சொன்னம்லா, அந்தப் பேப்பர்ல நீ என்ன எழுதுன?"

"சைக்கிள்னு எழுதினன்."

"ஒன் கையி அப்ப நல்லா இருந்துச்சா?"

"இல்ல."

அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். நான்கு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி, பிறகு சமாதானமாகியிருப்போம். என் சைக்கிளைக் கொண்டுவந்து கம்பத்தில் சாய்த்து வைத்தான். கீழே விழாதபடி சக்கரத்தைத் திருப்பியும் வைத்தான். தன்னுடையதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அங்கிருந்து ஓசூர்வரை நூறு கிலோமீட்டர் நான் அவன் பின்னாலேயே வந்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வலது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து, கீழே தொங்கவிட்டு, உதறினான். இளைப்பாற எங்கும் நிற்கவுமில்லை.

திங்கட்கிழமை நான் அந்தப் படிவத்தைத் திறந்தேன். மூடிய படிவத்தைத் திறப்பது எங்கள் கம்பெனியில் நல்ல சகுனம் இல்லை. மேலதிகாரி இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ரெண்டுலயும் உன் கையெழுத்துதான் இருக்கு. இதுல எது பொய்?" என்றார். முதலாவது என்றேன். என் பெயருக்கும் ஒரு படிவம் எழுதிக் கொடுத்தேன். என்னை மேஜையிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு அனுப்பினார்கள். அவனை மெஷினிலிருந்து இறக்க டாக்டரின் காகிதம் வேண்டும் என்றார்கள். அது வரும்வரை மெஷினிலேயே நின்றான். நான் சொல்லி முடித்த பிறகும் இன்னும் ஒன்பது ஷிப்ட் அவன் அதைப் பிடித்திருந்தான். ஸ்டோர் ஜன்னல் வழியாகச் சத்தம் கேட்கும்.

டாக்டரிடம் இருவரையும் ஒரே நாளில் அனுப்பினார்கள். நான் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் அவன் வேறு சீட்டில் உட்கார்ந்து வந்திருந்தான். டாக்டர் ஒரு ஊசி முனையால் அவன் விரல்களைத் தொட்டுத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார். பல இடங்களில் அவன் சும்மா இருந்தான்.

"எப்ப இருந்து இப்படி?"

"போன மார்கழிக்கு முந்துன மார்கழியில இருந்து சார். ஆடியில ரொம்ப ஆயிட்டு."

"அப்பவே அந்த மெஷின விட்டிருந்தா இவ்வளவு போயிருக்காதே. இனிமே விட்டா இதுக்கு மேல போகாம நிக்கும். போனது திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது. ஏன் இவ்வளவு நாள் சும்மா இருந்தீங்க?"

"சைக்கிளாலன்னு இருந்துட்டேன் சார்."

"யார் சொன்னது சைக்கிள்னு?"

அவன் மேஜைமேல் கிடந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.  என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறான் என்று புரிந்தபோது, உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"நான்தாங்க சார் சொன்னன். பேப்பர்லயும் அப்டிதான் எழுதிட்டன்" என்றேன்.

டாக்டர் அப்போதுதான் என்னை நன்றாகப் பார்த்தார். "நீங்க இவருக்கு யாரு?"

நான் அவனைப் பார்த்தேன். அவன்தான் சொன்னான். என் பக்கம் திரும்பாமல், யாரோ ஒரு பெரிய மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல மரியாதையாகச் சொன்னான்.

"கூட வேல பாக்குறவரு, சார்."

டாக்டர் தலையசைத்துவிட்டு எழுதத் தொடங்கினார்.